சிம்பாவை டிரெட்மில்லுல ஏத்தறதுக்கு முன்னாடி

நாயை டிரெட்மில்லுல நடக்க வைக்கலாமான்னு கேட்டிருக்கே. வைக்கலாம். ஆனா போன்ல சொன்னியே, "சாயந்திரம் ஏத்தி விட்டுட்டு நான் சமையலைப் பாத்துக்குவேன்"னு, அந்தக் கணக்கு மட்டும் நடக்காது. மெஷின் ஓடுற நேரம் முழுக்க நீ பக்கத்துல நிக்கணும். அதுக்கு நேரம் இல்லைன்னா, மாப்பிள்ளை ஆசையா வாங்கிப் போட்ட அந்த டிரெட்மில் இப்போ மாதிரியே துணி காயப்போட உதவிட்டுப் போகட்டும்.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன் தெரியுமா? ரோட்டுல நடக்கிறப்போ களைச்சுப் போனா நாய் நின்னுடும், நிழல் பாத்துப் படுத்துடும், வீட்டுப் பக்கம் திரும்பி இழுக்கும். நமக்கும் புரிஞ்சிடும். டிரெட்மில்லுல அதுக்கு வழி கிடையாது. காலுக்குக் கீழே பெல்ட் போய்க்கிட்டே இருக்கு, நின்னா பின்னாடி போய் விழணும். விழுறதுக்குப் பயந்தே ஓடிக்கிட்டிருக்கும். அதுலயும் லேப்ரடார் இருக்கே, உன் கையில ஒரு துண்டு கோழி இருந்தா மூச்சு முட்டுனாலும் நிக்காது. அதனால 'போதும்'னு சொல்றதுக்கு அவனுக்கு ஒரு வழி பண்ணிக் குடுக்கிறதுதான் இதுல முதல் வேலை. வேகம், நிமிஷம், சரிவு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நம்ம ஊர்ல இதுக்குத் தேவை இருக்குங்கிறதை நான் மறுக்கலை. நீ இருக்கிறது வேளச்சேரியில மூணாவது மாடி. காத்து 25 டிகிரியில இருக்கிறப்பவே வெயில் படுற தார் ரோடு 50 டிகிரியை எட்டிடும். அக்னி நட்சத்திரத்துல எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோ. புறங்கையை ரோட்டுல அஞ்சாறு விநாடி வச்சுப் பாரு. உனக்குச் சுட்டா அவன் பாதத்துக்கும் சுடும். ஐப்பசி கார்த்திகையில வேற தொல்லை. தெருவுல தேங்கி நிக்கிற தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாய்கிட்ட இருந்து வீட்டுல இருக்கிறவங்களுக்கும் வரலாம். வருஷா வருஷம் போடுற ஊசியில இதுக்கும் சேத்துதான் போடுறாங்களான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. தீபாவளி வந்துட்டா வெடிச் சத்தத்துக்குப் பயந்து மூத்திரம் போகக்கூடக் கீழே இறங்காத நாய்ங்க எத்தனையோ. இந்த மாதிரி நாளுக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே கால் ஆடுறதுக்கு ஒரு வழி இருந்தா நல்லதுதான். ஆனா தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதே. ஏற்கெனவே நடுங்கிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட சத்தம் போடுற புது மெஷினைக் காட்டினா, அப்புறம் அந்த ரூம் பக்கமே வரமாட்டான். ஆடி மாசமே பழக்க ஆரம்பிச்சிடு.

முதல்ல டாக்டர், அப்புறம் சாப்பாட்டுத் தட்டு

சிம்பாவுக்கு மூணு வயசு, எலும்பு முழுசா வளர்ந்தாச்சு, அதனால வயசைப் பொறுத்தவரைக்கும் பிரச்சனை இல்லை. குட்டிகளை ஏத்தக் கூடாது. எலும்போட நுனியில வளர்ற இடம் மூடுறதுக்கு ஒரு வயசாவது ஆகும், பெரிய ஜாதிகளுக்கு ஒன்றரை வயசு வரைக்கும்கூட ஆகும். அதுக்கு முன்னாடி ஒரே தாளத்துல ஓட விட்டா மூட்டு கெட்டுப் போகும். குட்டி தானா ஓடி, தானா விழுந்து, தானா தூங்கட்டும்.

உன் மேல்வீட்டுல பக் வளர்க்கிறாங்களே, அவங்க இதைக் கேட்டுட்டு ஆசைப்பட்டா தடுத்துடு. பக், புல்டாக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்குச் சும்மா உக்காந்திருந்தாலே மூச்சு சரியா போகாது. டாக்டர் பாத்துச் சொல்லாம அதுங்களை மெஷின்ல விடவே கூடாது. இதய நோய் இருக்கிறது, சினையா இருக்கிறது, ஆபரேஷன் ஆகித் தையல் ஆறாதது, மூட்டு வலியில நொண்டுறது, இதுங்களுக்கும் அதே கதைதான்.

சிம்பாவைக் கூட்டிட்டுப் போறப்போ ரெண்டு விஷயத்தை நீயே கேளு. ஒண்ணு, இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும். லேப்ரடாருக்குப் பிறவியிலேயே இந்த மூட்டுகள் சரியாப் பொருந்தாம இருக்கிறது சகஜம். இன்னொண்ணு கொஞ்சம் அபூர்வம், ஆனா டிரெட்மில் வாங்குறவங்க கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். சில லேப்ரடார்களுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு. சாதாரணமா நடக்கிறப்போ ஒண்ணும் தெரியாது. அஞ்சு, பத்து நிமிஷம் வேகமா ஓடினதும் பின்னங்கால் தள்ளாடும், அப்படியே துவண்டு போகும். எந்த மரபணுன்னு 2008-ல கண்டுபிடிச்சிட்டாங்க, அதுக்குப் பரிசோதனையும் இருக்கு. பந்து எறிஞ்சு விளையாடுறப்போ எப்பவாவது அவனுக்குப் பின்னங்கால் பின்னிக்கிட்டதை நீ பாத்திருந்தா அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு. மெஷின்ல அப்படித் துவண்டா நேரா பெல்ட் மேலதான் விழுவான்.

இப்போ அவன் உடம்பு. நீ எடையைக் குறைக்கத்தான் இவ்வளவும் கேக்குறேன்னு எனக்குத் தெரியும். விலாவுல ரெண்டு பக்கமும் கையை வச்சு லேசாத் தடவு. எலும்பு விரலுக்குத் தட்டுப்படணும். அமுக்கித் தேடினாத்தான் கிடைக்குதுன்னா குண்டு. மேல இருந்து பாத்தா இடுப்பு கொஞ்சம் உள்வாங்கித் தெரியணும். சிம்பாவுக்கு இடுப்பு எங்கே இருக்குன்னு நீயே தேடித்தான் கண்டுபிடிக்கணும், கோவிச்சுக்காதே.

லேப்ரடார் எப்பப் பாத்தாலும் பசிக்குதுன்னு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்குதே, அதுல நடிப்பு மட்டும் இல்லை. 2016-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சதுல, பிரிட்டன்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு லேப்ரடாருக்கு வயிறு நிறைஞ்சதுங்கிற சேதியை மூளைக்குச் சொல்ற மரபணுவுல ஒரு துண்டு குறையுது. அதனால அவன் கெஞ்சுறதை வச்சு நீ அளக்கக் கூடாது, கப்பை வச்சுத்தான் அளக்கணும். இன்னொரு ஆய்வு 2002-ல வெளிவந்தது. 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணு சாப்பிடுறதைவிட அதோட ஜோடிக்கு 25 சதவீதம் குறைச்சுப் போட்டு, ஆயுசு முழுக்கக் கவனிச்சாங்க. குறைச்சுச் சாப்பிட்டதுங்க ஏறக்குறைய ரெண்டு வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு, மூட்டு வலியும் தாமதமாத்தான் வந்துச்சு. அதுல டிரெட்மில் எதுவும் கிடையாது, தட்டு மட்டும்தான். இதை ஏன் சொல்றேன்னா, காலையில அப்பா ஊட்டுற இட்லி, பசங்க கீழே போடுற பிஸ்கட், ராத்திரி தயிர் சாதம் எல்லாம் அப்படியே தொடர்ந்தா, மெஷின் புகைஞ்சு போகுமே தவிர அவன் இளைக்கமாட்டான்.

மனுஷ மெஷினும் நாய் மெஷினும்

மாப்பிள்ளையோட மெஷின்ல அவனை ஏத்தலாமா? ஒரு அளவு நாடாவை எடு. சிம்பா நேரா நிக்கிறப்போ நெஞ்சுல இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அள. லேப்ரடாருக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல வரும். நிதானமா நடக்கிறதுக்கே பெல்ட் அதைப்போல ரெண்டு மடங்கு நீளம் வேணும். துள்ளு நடைக்கு இன்னும் கூட வேணும். வீட்டுல மடிச்சு வைக்கிற மெஷின்கள்ல நிறைய 120 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கு. அதுல சிம்பா மெதுவா நடக்கலாம், ஓடக் கூடாது. இடம் போதாதப்போ நாய் காலை முழுசா வீசாம குறுக்கிக் குறுக்கி வைக்கும். தினமும் அப்படியே ஓடினா முதுகும் தோளும் இறுகிடும். நீ உடற்பயிற்சின்னு நினைச்சுக்கிட்டிருப்பே, அது நோவா சேர்ந்துக்கிட்டிருக்கும். சின்ன நாயா இருந்தா இந்தச் சிக்கல் இல்லை.

நாய்க்குன்னே செய்யுற மெஷின்கள் நீளமா இருக்கும், ரெண்டு பக்கமும் தடுப்பு இருக்கும், வேகமும் ரொம்பக் கீழே இருந்து தொடங்கும். மோட்டார் இல்லாத ஒரு வகையும் உண்டு, மரப்பட்டைகளைக் கோத்துச் சுத்த விட்டிருப்பாங்க. நாய் காலால தள்ளினாத்தான் அது சுத்தும். நாய் நடந்தா நடக்கும், நின்னா நின்னுடும்கிறதால எனக்கு அதோட நியாயம் பிடிச்சிருக்கு. ஆனா வெறி பிடிச்ச மாதிரி ஓடுற நாய்ங்க அதுல தன்னோட வேகத்தைத் தானே ஏத்திக்கிட்டு நிறுத்தத் தெரியாம மாட்டிக்கும், அதனால பிரேக் வச்ச மாடலாத்தான் பாக்கணும். விலையும் அதிகம், இடமும் அடைக்கும். மூணாவது மாடி ஃபிளாட்டுக்கு யோசிக்கவே வேணாம்.

தண்ணிக்குள்ளே ஓடுற டிரெட்மில்னு ஒண்ணு இருக்கு, ஆபரேஷன் ஆன நாய்க்கும் மூட்டு தேஞ்ச நாய்க்கும் மருத்துவமனைகள்ல வச்சிருப்பாங்க. கண்ணாடித் தொட்டி, அடியில பெல்ட். தண்ணி கணுக்கால் அளவு இருந்தா நாயோட எடையில 91 சதவீதம் கால் மேல இறங்கும், முழங்கால் வரைக்கும் வந்தா 85, இடுப்பு மூட்டு வரைக்கும் வந்தா வெறும் 38. வலி இல்லாம சதையைத் திருப்பி வளர்க்க இதைவிட நல்ல உபாயம் இல்லை. சிம்பாவுக்கு மூட்டுல கோளாறுன்னு டாக்டர் சொன்னா வீட்டு மெஷினை மறந்துட்டு இதைப் பத்திக் கேளு.

இடத்தைப் பத்தி ஒண்ணு. மெஷினைச் சுவத்தைப் பாத்துப் போட்டிருப்பீங்க, டிவிக்கு முதுகைக் காட்டி. அதைத் திருப்பு. மூக்குக்கு முன்னாடி சுவரு இருந்தா எந்த நாயும் முன்னாடி நடக்காது, இடிச்சுக்கப் போறோம்னு பின்னாடிதான் நகரும். ஒரு பக்கம் சுவத்தை ஒட்டினாப்பல இருக்கட்டும், இன்னொரு பக்கம் நீ நில்லு. அப்போ பக்கவாட்டுல குதிக்கிற எண்ணம் குறையும். பின்பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் காலியா விடு, சோபாவோ கட்டில் காலோ இருக்கக் கூடாது.

கட்டாதே

இதை மட்டும் பெரிய எழுத்துல எழுதி மெஷின் மேல ஒட்டி வை. நாயை மெஷின்ல கட்டக் கூடாது. கழுத்துப் பட்டையில சங்கிலியை மாட்டி முன்கம்பியில சுத்தி வச்சா, கால் தடுக்கின நொடியில பெல்ட் உடம்பைப் பின்னாடி இழுக்கும், பட்டை கழுத்தை முன்னாடி இழுக்கும். அடுத்து நடக்கிறதை நான் எழுத விரும்பலை. நெஞ்சோட சேத்து மாட்டுற ஹார்னஸ் போடு. லீஷ் உன் கையில தொளதொளன்னு இருக்கட்டும். அது அவனை இழுக்கிறதுக்கு இல்லை, சரிஞ்சா தாங்கிப் பிடிக்கிறதுக்கு. மெஷினோட அவசரச் சாவியை உன் இன்னொரு கையில வச்சுக்கோ.

காலிங் பெல் அடிச்சா? பார்சல்காரர் காத்திருக்கட்டும். மெஷினை நிறுத்து, அவனை இறக்கு, அப்புறம் கதவைத் திற. முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி, சாவியை பசங்க கைக்கு எட்டாத இடத்துல வை. உன் சின்னவன் சிம்பா செய்யுறதை எல்லாம் செய்யணும்னு நிக்கிறவன். ஓடுற பெல்ட்டுக்கும் தரைக்கும் நடுவுல குழந்தைங்க விரலைக் குடுத்தா தோல் உரிஞ்சு போகும்.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருது. இங்கிலாந்து, வேல்ஸ் பக்கமெல்லாம் 16-ம் நூற்றாண்டுல இருந்து 19-ம் நூற்றாண்டு வரைக்கும் பெரிய வீட்டு அடுப்படியில சுவத்துல ஒரு சக்கரம் மாட்டியிருப்பாங்க. அதுக்குள்ளே குட்டைக் கால் நாயை விட்டு ஓட வைப்பாங்க. சக்கரம் சுத்தினா கயிறு வழியா கம்பி சுத்தும், கம்பியில கோத்த இறைச்சி தீயில திரும்பித் திரும்பி வேகும். நாய்க்குக் கறி வாசம் முழுக்க, வேலை மணிக்கணக்கா. கறி வெந்தாத்தான் ஓய்வு. அந்த ஜாதியே இப்போ இல்லை. கடைசியா மிஞ்சினதுல ஒண்ணு, விஸ்கின்னு பேரு, பாடம் பண்ணி வேல்ஸ்ல அபெர்கவெனி அருங்காட்சியகத்துல வச்சிருக்காங்க. நீ சமையலைப் பாத்துக்கிட்டு அவனை ஓட விடுறேன்னதும் எனக்கு அந்தச் சக்கரம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

பழக்குறது

இதுலதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. முதல் நாளே தூக்கி மேல வச்சு பட்டனை அமுக்கி, அவன் அரண்டு குதிச்சு, அத்தோட கதை முடிஞ்சிடும். முதல் வாரம் மெஷின் ஓடவே கூடாது. நிறுத்தி வச்ச மெஷின் மேல அவன் சாப்பாட்டுல கொஞ்சத்தைத் தூவி விடு. ஏறுறான், பொறுக்குறான், இறங்குறான், அவ்வளவுதான். தள்ளாதே, தூக்காதே, லீஷைப் பிடிச்சு இழுக்காதே. நாலு காலையும் தானா எடுத்து வச்சு மேல ஏறி, 'எங்கே?'ங்கிற மாதிரி உன்னைப் பாக்கிறான் பாரு, அன்னிக்குத்தான் அடுத்த படி.

அடுத்தது சத்தம். ஆளில்லாம மெஷினை ரொம்ப மெதுவா ஓட விட்டு, அவனை ரூமோட இன்னொரு மூலையில வச்சுத் தீனி குடு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டக் கொண்டு வா. காது பின்னாடி போகுது, உதட்டை நக்கிக்கிட்டே இருக்கான், கண்ணோட வெள்ளை தெரியுற மாதிரி ஓரமாப் பாக்கிறான், வாலை இடுக்கிக்கிறான்னா அது பயம். ரெண்டடி பின்னாடி போய் அங்கேயே நிறுத்திக்கோ. கொட்டாவி விட்டாலும் தூக்கம் வருதுன்னு நினைக்காதே, பதட்டத்துலயும் நாய் கொட்டாவி விடும்.

அப்புறம்தான் ஏத்தி ஓட விடுறது. ஓடிக்கிட்டிருக்கிற பெல்ட் மேல ஒருநாளும் ஏத்தாதே. அவன் நிக்கணும், நீ மெஷினோட ஆகக் குறைஞ்ச வேகத்துல தொடங்கணும். மூக்குக்கு நேரா, நிமிர்ந்து பாக்காத உயரத்துல தீனியைக் காட்டு. கை மேல போனா தலை தூக்கும், தலை தூக்கினா முதுகு வளையும், கால் தடுமாறும். நாலு எட்டு வச்சானா நிறுத்து, கொஞ்சு, இறக்கு. முதல் சில நாளைக்கு அரை நிமிஷம் போதும்.

இப்போ நான் முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். அவன் இறங்கணும்னு பாத்தா, பின்னாடி சரிஞ்சா, உன்னைத் திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்தா, உடனே மெஷினை நிறுத்து. ஒவ்வொரு தடவையும். 'இன்னும் ஒரு நிமிஷம்டா செல்லம்'கிறது கூடாது. ரெண்டு வாரம் இப்படிச் செஞ்சா அவனுக்கு ஒண்ணு புரியும்: நான் கேட்டா இது நின்னுடும். அது புரிஞ்ச நாய்தான் பயமில்லாம ஏறும். கூடவே 'போதும்'னு ஒரு வார்த்தையைச் சொல்லிக்கிட்டே நிறுத்திப் பழக்கு. நீயும், மாப்பிள்ளையும், பெரியவளும் அதே வார்த்தையைச் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணா ஸ்டாப், நில்லு, இறங்குன்னா அவன் என்ன பண்ணுவான் பாவம்.

தீனிக்கு உப்பும் மசாலாவும் இல்லாம வேகவச்ச கோழியைச் சுண்டக்கடலை அளவுக்குக் கிள்ளி வச்சுக்கோ. கேரட்டும் வெள்ளரியும்கூட லேப்ரடார் வேணாம்னு சொல்லாது. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம், சுகர்ஃப்ரீன்னு எழுதின மிட்டாய் எதுவும் கூடாது, அதெல்லாம் நாய்க்கு விஷம். அப்புறம் குடுத்த தீனியை ராத்திரிச் சாப்பாட்டுல கழிச்சிடு.

நடக்கிற நாள்ல

கீழே கூட்டிட்டுப் போய் மூத்திரம், ஆய் எல்லாம் முடிச்சிட்டு வா. சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கணும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்ங்களுக்கு வயித்துல காத்து அடைச்சு, இரைப்பையே முறுக்கிக்கிறதுன்னு ஒரு கண்டம் உண்டு. மணிக்கணக்குல உயிர் போயிடும். அதனால சாப்பாட்டையும் ஓட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக் கூடாது, முடிஞ்ச உடனே வயிறு முட்டப் போடவும் கூடாது.

முதல் மூணு நிமிஷம் உலாத்துற வேகம், கடைசி மூணு நிமிஷமும் அதே. நடுவுல மணிக்கு 3-ல இருந்து 5 கிலோமீட்டருக்குள்ள வச்சுக்கோ, உங்க மெஷின் நீளத்துக்கு அதுக்கு மேல வேணாம். ஒரு மாசத்துல மொத்தம் பத்து நிமிஷம், அப்புறம் மெதுவா பதினஞ்சு, இருபது. ஒருநாள் விட்டு ஒருநாள். சரிவு பட்டனைத் தொடாதே. நாயோட எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால்லதான் நிக்குது. மேடேத்தினா பின்னங்காலுக்கு வேலை கூடும். பின்பக்கச் சதை வளர்க்க நல்ல பயிற்சிதான், ஆனா சமதளத்துல மாசக்கணக்கா நல்லா நடந்த பிறகு செய்ய வேண்டியது.

வேகம் சரியான்னு காலைப் பாத்தாத் தெரியும். துள்ளு நடையில முன் வலதும் பின் இடதும் சேந்து போகும், குறுக்கா. ஒரே பக்கத்து ரெண்டு காலும் சேந்து போக ஆரம்பிச்சு, உடம்பு பக்கவாட்டுல ஆடுதுன்னா, பெல்ட் வேகம் அவனுக்குத் தோதா இல்லை, இல்லைன்னா களைச்சுட்டான். நகத்தையும் கவனி. டைல்ஸ்ல நடக்கிறப்போ டக் டக்னு கேட்டா நீளம் அதிகம், பெல்ட்ல மாட்டும். விரலுக்கு நடுவுல இருக்கிற முடியையும் கத்தரிச்சு விடு.

பெரிசா கவனிக்க வேண்டியது சூடு. நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் வேர்வை. மத்ததெல்லாம் வாயைத் திறந்து இரைச்சுத்தான் வெளியேத்தணும். சென்னைப் புழுக்கத்துல எவ்வளவு இரைச்சாலும் ஈரம் ஆவியாகாது, சூடு உள்ளேயே தங்கும். ரோட்டுலயாவது எதிர்க்காத்து அடிக்கும், மெஷின்ல நிக்கிற இடத்துலயே ஓடுறான், காத்தே கிடையாது. ஃபேனை அவன் முகத்துக்கு நேரா வை, ஏசி இருந்தா போடு. நல்லா இருக்கிற நாயோட உடம்புச் சூடு 38.3-ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினா உறுப்புகள் கெட ஆரம்பிக்கும். நாக்கைப் பாத்துக்கிட்டே இரு. நுனி அகலமா விரிஞ்சு, ஓரம் சுருண்டு, கருஞ்சிவப்பா மாறினா அந்த நிமிஷமே நிறுத்து. எச்சில் கெட்டியா ஒழுகினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டா திரும்பாம இருந்தாலோ பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்து, ஃபேன்ல நிறுத்து, ஊத்திக்கிட்டே டாக்டருக்குப் போன் பண்ணு. முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டியில ஏத்தணும். ஈரத்துண்டைப் போத்தி வைக்காதே, அது சூட்டை உள்ளே பிடிச்சு வச்சுக்கும்.

மாப்பிள்ளை யூடியூப்ல பாத்துட்டு 'ஜெர்மன் ஷெப்பர்டெல்லாம் 20 கிலோமீட்டர் ஓடுது'ன்னு சொல்லுவார். உண்மைதான். ஜெர்மனியில அந்த ஜாதிக்கு அப்படி ஒரு தாக்குப்பிடிக்கும் தேர்வே இருக்கு. சைக்கிள் பக்கத்துல மணிக்கு 12-ல இருந்து 15 கிலோமீட்டர் வேகத்துல, நடுநடுவே ஓய்வு குடுத்து ஓட வைப்பாங்க. அதுக்கு மாசக்கணக்காத் தயார் பண்ணுவாங்க, அந்த ஊர்க் குளிரும் கூட இருக்கு. நாய்க் கண்காட்சிக்குத் தயார் பண்றவங்களும் துள்ளு நடை சீரா வரணும்னு டிரெட்மில் வச்சிருப்பாங்க. சிம்பாவுக்கு அந்தப் பரீட்சை எதுவும் இல்லைன்னு சொல்லிடு. நம்ம ஊர் சிப்பிப்பாறை, ராஜபாளையம் வச்சிருக்கிறவங்க மெஷினைக் கேட்டாலும் நான் யோசிப்பேன். சிப்பிப்பாறை வேட்டை நாய், முயலைக் கண்டா ஒரே பாய்ச்சல். அதுக்கு வேண்டியது வேலி போட்ட திறந்த மைதானம்.

காலை நடையை மட்டும் நிறுத்திடாதே. கம்பத்தை மோந்து, காரோட டயரை மோந்து, நேத்து எந்த நாய் வந்துச்சுன்னு கணக்கெடுத்து, அந்த மூக்கு வேலையிலதான் அவன் மனசு களைக்கும். மெஷின்ல மூக்குக்கு எதுவுமே கிடையாது. காலை மட்டும் களைக்க வச்சுட்டு மூளையைச் சும்மா விட்டா, சோபா மூலையைக் கடிக்கிறது நிக்காது. வெயிலுக்கு முன்னாடி ஆறு மணிக்குக் கீழே கூட்டிட்டுப் போ, அவன் நிக்கிற இடத்துல எல்லாம் நில்லு. மழை நாள்ல மெஷின் முடிஞ்சதும் பழைய துண்டைச் சுருட்டி உள்ளே நாலு துண்டு தீனியை ஒளிச்சு வச்சுக் குடு, மூக்காலேயே தேடட்டும்.

மெஷினுக்கும் ஒரு கவனிப்பு வேணும். லேப்ரடார் முடி பெல்ட்டுக்கு அடியில போய் மோட்டார்ல சுத்திக்கும், சூடாகிக் கருகின வாசம் வரும். வாரம் ஒருக்கா பிளக்கைப் பிடுங்கிட்டு ஓரமெல்லாம் துடைச்சு விடு.

அடுத்த ஊசிக்கு டாக்டர்கிட்ட போறப்போ அவன் மெஷின்ல நடக்கிறதை ரெண்டு வீடியோ எடுத்துட்டுப் போ. ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு பின்னாடி இருந்து. ஆஸ்பத்திரியில பயத்துல விறைச்சு நிக்கிற நாயோட நொண்டல் தெரியாது, அதே வேகத்துல நேரா நடக்கிறதைப் பாத்தா எந்தக் காலைக் காப்பாத்துறான்னு அவங்க சொல்லிடுவாங்க. எனக்கும் அதை அனுப்பு. எடையையும் சேத்து எழுது, குறைச்சு எழுதாதே.